முகத்துக்கு வரும் கருவிகள்: அழகு தருமா? ஆபத்து தருமா?

கல்யாண வீடு. முகூர்த்தத்துக்கு இன்னும் 10 நாள்தான் இருக்கிறது.

வாசலில் ஒரு பார்சல் வந்து இறங்குகிறது. கல்யாணப் பெண் ஆசையோடு பிரிக்கிறாள். உள்ளே ஒரு கைப்பிடி. அதன் முனையில் சிறு உருளை. உருளை முழுவதும் மயிரிழை போன்ற ஊசிகள்!

"இதை முகத்தில் உருட்டினால் பருத் தழும்பு மறைந்துவிடுமாம். செல்போனில் பார்த்தேன்" என்கிறாள் பெண்.

அம்மா பதறுகிறாள். "முகத்தில் ஊசியா? வேண்டாம்டி!"

பக்கத்தில் இருந்த அக்காள் சிரிக்கிறாள். "நீ உருட்டிவிட்டுக் கொடு. நானும் உருட்டிப் பார்க்கிறேன்."

இந்த மூன்று பேரில் யார் சொல்வது சரி?

படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்தக் காலக் கருவிகள்

முகத்துக்கும் உடம்புக்கும் கருவி வைத்துக்கொள்வது புதிது அல்ல. அந்தக் காலத்து வீடுகளில் கிணற்றடியில் ஒரு கல் கிடக்கும். பெண்கள் அதில் மஞ்சள் கிழங்கை உரசி முகத்தில் பூசிக் குளிப்பார்கள். முதுகு தேய்க்கப் பீர்க்கங்காய் நார் இருக்கும். குதிகால் தேய்க்கச் சொரசொரப்பான கல் இருக்கும்.

குதிகால் கல் முகத்துக்கு வராது. முதுகு நார் கன்னத்துக்கு வராது. எது எந்த இடத்துக்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இன்று கருவிகள் பெருகிவிட்டன. ஆவி பிடிக்கும் இயந்திரம், பச்சைக்கல் உருளை, சிறு சவரக் கத்தி, கரும்புள்ளி எடுக்கும் கம்பி, ஊசி உருளை, ஒளி வீசும் முகமூடி, மின்சாரம் பாய்ச்சும் கருவி... எல்லாம் வீடு தேடி வருகின்றன.

கருவி வந்துவிட்டது. அதைக் கையாளும் முறைதான் கூடவே வரவில்லை.

ஒரு தாள் கனம்!

முகத்தின் மேல்தோல் எவ்வளவு கனம் தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் சுமார் 10-ல் ஒரு பங்கு. அதாவது, ஒரு காகிதத் தாளின் கனம்!

அந்த மெல்லிய தாள்தான் கிருமிகளை உள்ளே விடாமல் தடுக்கிறது. உடம்பில் உள்ள நீர் வற்றாமல் காக்கிறது. அதற்குக் கீழேதான் ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. கண் இமையின் தோல் எல்லாவற்றையும் விட மெல்லியது.

மேல்தோல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். அடியில் பிறக்கும் புதிய தோல் மேலே வந்து உதிர்வதற்கு வாலிப வயதில் சுமார் 4 வாரம் ஆகும். வயது ஏற ஏற இன்னும் தாமதம் ஆகும். ஆகவே, இன்று தேய்த்தால் நாளைக்குப் புது முகம் என்பது நடக்காத காரியம்.

இன்னொரு விஷயம். இதுதான் முக்கியமானது.

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். மாநிறமாகவும் கறுப்பாகவும் இருப்பவர்களுக்கு இது அதிகம். வெயிலைத் தாங்கும் சக்தியை இது கொடுக்கிறது. ஆனால் காயம் பட்டாலும், சூடு பட்டாலும், அழுத்தித் தேய்த்தாலும் அந்த இடத்தில் மெலனின் கூடுதலாகச் சுரந்துவிடும். காயம் ஆறிவிடும். கறுப்புத் தடம் மட்டும் மாதக்கணக்கில் நிற்கும்.

வெள்ளைத் தோலில் சிவந்து மறைந்துவிடுவது, மாநிறத் தோலில் கறுத்து நின்றுவிடும். வெளிநாட்டுப் பெண் செய்து காட்டும் படத்தைப் பார்த்து அப்படியே செய்தால், பலன் வேறாக இருப்பது இதனால்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆவி பிடிப்பது

ஆவி பிடித்தால் தோலின் துவாரம் திறக்கும் என்று சொல்வார்கள். அது சரி அல்ல. துவாரத்துக்குக் கதவு கிடையாது. திறந்து மூடும் தசையும் கிடையாது. ஆவியின் சூட்டில் மேல்தோல் ஊறும். துவாரத்தில் உறைந்திருக்கும் எண்ணெய்ப் பசை இளகும். அவ்வளவுதான்.

வாரத்துக்கு ஒரு முறை, 5 நிமிடம் போதும். முகத்துக்கும் ஆவிக்கும் நடுவே ஓர் அடி தூரம் வேண்டும். கண்களை மூடிக்கொள்ள வேண்டும். எரிச்சல் கண்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

கன்னத்தில் மங்கு விழுந்தவர்கள் ஆவி பிடிக்காமல் இருப்பது நல்லது. சூடு பட்டால் மங்கு அதிகம் ஆகலாம்.

குழந்தைகள் உள்ள வீட்டில் கொதிநீர்ப் பாத்திரத்தைத் தரையில் வைக்கவே கூடாது. குழந்தை போர்வையை இழுத்தால் பாத்திரம் கவிழ்ந்துவிடும். ஒரு நிமிடத்து அழகுக்காகக் குழந்தைக்கு ஆயுள் முழுவதும் தழும்பு!

உருட்டும் கல்

பச்சைக்கல் உருளையும், 'குவா ஷா' என்ற சுரண்டும் கல்லும் சீனாவில் இருந்து வந்தவை. குளிர்ந்த கல்லை மெல்ல உருட்டினால் காலையில் வீங்கியிருக்கும் முகம் சற்று வற்றும். மனத்துக்கும் சுகமாக இருக்கும். இந்தப் பலன் சில மணி நேரம்தான் நிற்கும். சுருக்கம் மறைந்துவிடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

முகத்தைக் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு, மூக்கில் இருந்து காதுப் பக்கமாக மெதுவாக உருட்ட வேண்டும். பருவின் மீது உருட்டக் கூடாது. உடம்பில் குவா ஷா செய்பவர்கள் தோல் சிவக்கும்வரை சுரண்டுவது உண்டு. முகத்தில் அந்த வேலை வேண்டாம். முகம் சிவந்தால், அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

சவரம் செய்தால் முடி தடிக்குமா?

பெண்கள் முகத்தில் இருக்கும் பூனை முடியை எடுக்கச் சிறு கத்திகள் விற்கின்றன. "கத்தி வைத்தால் மீசை முளைத்துவிடும்" என்று பல பெண்கள் பயப்படுகிறார்கள்.

இந்தப் பயம் தேவை இல்லை. அமெரிக்காவில் மில்ட்ரட் டிராட்டர் என்ற உடற்கூறு அறிஞர் 1928-ம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்தார். சவரம் செய்வதால் முடி வேகமாக வளர்வதும் இல்லை, தடித்து வளர்வதும் இல்லை என்று கண்டறிந்தார்.

பிறகு ஏன் சொரசொரப்பாக இருக்கிறது? தானாக வளர்ந்த முடியின் நுனி கூராக இருக்கும். வெட்டிய முடியின் நுனி மழுங்கி இருக்கும். கை வைத்தால் தடிப்பது போலத் தோன்றும். வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது. கத்தி அங்கே போவதே இல்லை.

ஆகவே பயப்பட வேண்டியது முடிக்கு அல்ல, காயத்துக்குத்தான்! முகத்தை ஈரப்படுத்தி, சோப்பு நுரையோ களிம்போ தடவி, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி சாய்ந்திருக்கும் பக்கமாகவே கத்தியைப் படுக்கவைத்து இழுக்க வேண்டும். பருவும் புண்ணும் உள்ள இடத்தை விட்டுவிட வேண்டும். துருப்பிடித்த பிளேடைத் தொடவே கூடாது.

ஒரு பெண்ணுக்குத் திடீரென்று தாடையில் கெட்டியான முடி முளைக்கிறது, மாதவிலக்கும் ஒழுங்காக வருவதில்லை என்றால், அது கத்தி தீர்க்கும் காரியம் அல்ல. உடம்பின் உள்ளே சுரப்பிகளில் கோளாறு இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கரும்புள்ளிக் கம்பி

மூக்கில் இருக்கும் கரும்புள்ளி அழுக்கு அல்ல. எண்ணெய்ப் பசையும் உதிர்ந்த தோலும் துவாரத்தில் அடைத்துக்கொண்டு, மேல் முனை கறுத்துப்போவதுதான் அது. எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது.

அதை எடுக்க ஒரு முனையில் வளையம் உள்ள கம்பி விற்கிறது. மெல்ல ஒரு முறை அழுத்தினால் வர வேண்டும். வராவிட்டால் விட்டுவிட வேண்டும்.

சிவந்து, வீங்கி, வலிக்கும் பருவை எந்தக் கம்பியாலும் அழுத்தக் கூடாது. சீழ் உள்ளே இறங்கிக் குழித் தழும்பு விழுந்துவிடும்.

மூக்கின் மேல் முனையில் இருந்து வாயின் இரண்டு ஓரங்கள் வரை உள்ள முக்கோணப் பகுதியில் கூடுதல் ஜாக்கிரதை தேவை. அங்கே ஓடும் ரத்தக் குழாய்களுக்கு மூளைக்கு அருகில் உள்ள குழாய்களோடு தொடர்பு உண்டு. அந்த இடத்துப் புண்ணில் உள்ள கிருமி, அபூர்வமாக அங்கே வரை போய்விடலாம்.

ஊசி உருளை: ஜாக்கிரதை!

இப்போது கல்யாணப் பெண்ணின் கையில் உள்ள ஊசி உருளைக்கு வருவோம்.

இந்தச் சிகிச்சை பொய் அல்ல. தோல் டாக்டர்கள் இதைச் செய்கிறார்கள். நுண்ணிய ஊசிகள் தோலில் குத்தும்போது சிறு சிறு காயம் உண்டாகிறது. அதை ஆற்றுவதற்காக உடம்பு புதிய சதை நாரை உண்டாக்குகிறது. அதனால் குழித் தழும்பு கொஞ்சம் கொஞ்சமாக மேடாகிறது. பல தடவை செய்ய வேண்டும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

டாக்டர் செய்யும்போது கிருமி நீக்கிய ஊசி. ஒருவருக்கு உபயோகித்த ஊசி இன்னொருவருக்குக் கிடையாது. எந்த இடத்தில் எத்தனை ஆழம் என்ற கணக்கு அவருக்குத் தெரியும்.

வீட்டில்?

மேல்தோல் ஒரு தாள் கனம் என்று பார்த்தோம். அரை மில்லிமீட்டர் ஊசி அதைத் தாண்டி உள்ளே இறங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் ஊசியில் ரத்தமே வரும். நூற்றுக்கணக்கான ஓட்டைகள்! அத்தனையும் கிருமிக்குத் திறந்த வாசல்!

அழுத்தி உருட்டினால் ஊசி வளைந்து தோலைக் கிழிக்கும். பருவின் மீது உருட்டினால் அதில் உள்ள கிருமி முகம் முழுவதும் பரவும். மேலே தடவும் களிம்பு உள்ளே இறங்கி அரிப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். மாநிறத் தோலில் வரி வரியாகக் கறுப்புத் தடம் விழலாம். பழைய தழும்பை மறைக்கப் போய்ப் புதிய தழும்பு!

அமெரிக்காவில் உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய ஊசிக் கருவி ஒன்றுக்கு முதன் முதலாக 2018-ல் அனுமதி கொடுத்தது. பருத் தழும்புக்காக, 22 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, பயிற்சி பெற்றவர் கையால் செய்ய வேண்டும் என்பதற்காகக் கொடுத்த அனுமதி அது. யாரும் கடையில் வாங்கி வீட்டில் குத்திக்கொள்வதற்காக அல்ல.

அதே 2018-ம் ஆண்டில் அங்கே நியூ மெக்சிகோ மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையம். வந்தவரின் ரத்தத்தையே எடுத்து, அதில் ஒரு பகுதியைப் பிரித்து, ஊசிக் கருவியால் முகத்தில் ஏற்றினார்கள். வேறு எந்த வழியும் தெரியாத 3 பெண்களுக்காவது எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி அங்கே தொற்றியது என்று, அந்த நாட்டின் நோய்த் தடுப்பு மையம் 2024-ல் அறிவித்தது. அங்கே பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் கிடந்தன. கருவிகளை முறையாகக் கிருமி நீக்கும் இயந்திரம் இல்லை.

அழகுக்காகப் போனார்கள். ஆயுள் முழுவதும் மருந்து சாப்பிடும்படி ஆகிவிட்டது.

ஆகவே, ரத்தம் வரவழைக்கும் எந்தக் கருவியும் வீட்டு வேலைக்கு ஆகாது. இதில் தளர்த்திக்கொள்ள இடம் இல்லை.

ஒளி வீசும் முகமூடி

பரு உண்டாக்கும் கிருமியின் உடலில் நீல ஒளியை ஈர்க்கும் பொருள் ஒன்று இருக்கிறது. நீல ஒளி பட்டதும் அதுவே கிருமிக்கு எமனாகிவிடும். சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகப் போகும். வீக்கத்தைத் தணிக்கும். விளக்குகளை முகமூடியில் பதித்து விற்பது இதற்காகத்தான்.

சாதாரணப் பருவுக்கு ஓரளவு பலன் உண்டு. ஆனால் ஒரு நாளில் அல்ல. கருவியோடு வரும் சீட்டில் போட்டிருக்கும் நேரப்படி, வாரத்தில் சில நாள், 2 அல்லது 3 மாதம் விடாமல் செய்ய வேண்டும். 10 நிமிடம் என்று போட்டிருந்தால் 10 நிமிடம்தான். 20 நிமிடம் வைத்தால் இரட்டிப்புப் பலன் வராது.

கண்களை மறைக்கும் கண்ணாடி கட்டாயம் வேண்டும். பெயர் பெற்ற ஓர் அமெரிக்கக் கம்பெனி, சில வகைக் கண் நோய் உள்ளவர்களுக்குத் தீங்கு வரக்கூடும் என்ற எச்சரிக்கையால், தன்னுடைய பரு முகமூடியை 2019-ல் தானே கடைகளில் இருந்து திரும்பப் பெற்றது.

மங்கு உள்ளவர்களுக்கும் கறுத்த நிறம் உள்ளவர்களுக்கும் நீல ஒளி மேலும் கறுப்பை உண்டாக்கலாம். வலிப்பு நோய் உள்ளவர்களும், வெயில் பட்டால் தோல் தடிப்பவர்களும், வெளிச்சத்தைத் தாங்க முடியாதபடி செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மின்சாரமும் முடி போக்கும் ஒளியும்

மிகச் சிறிய அளவில் மின்சாரம் பாய்ச்சித் தசையை இறுக்கும் கருவி ஒன்று உண்டு. அதற்கென்று கொடுக்கும் பசையைத் தடவிய பிறகே அதை வைக்க வேண்டும். பலன் தற்காலிகமானது. இருதயத்தில் 'பேஸ்மேக்கர்' வைத்திருப்பவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதை உபயோகிக்கக் கூடாது.

பளிச்சென்று ஒளி வீசி முடியைப் போக்கும் கருவி இன்னொன்று. இது மெலனினைத் தேடிப் போய்ச் சுடுகிறது. முடியிலும் மெலனின். கறுத்த தோலிலும் மெலனின். இரண்டையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. தோலும் வெந்துபோகலாம். கருவியோடு வரும் நிற அட்டையில் உங்கள் நிறம் 'கூடாது' என்ற பக்கத்தில் இருந்தால், அந்தக் கருவி உங்களுக்கு அல்ல. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அல்ல!

ஒருவருக்கு ஒன்று

குடும்பத்தில் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளலாம். முகக் கருவியை மட்டும் பகிர்ந்துகொள்ளக் கூடாது.

மஞ்சள் காமாலையை உண்டாக்கும் 'ஹெபடைடிஸ்-பி' கிருமி, உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் பிழைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி ரத்தம் போதும். அண்ணன் சவரம் செய்த பிளேடில் தம்பி சவரம் செய்வது, அக்காள் கத்தியைத் தங்கை எடுப்பது, எல்லாம் ஆபத்துதான். முடி திருத்தும் கடையில் "புது பிளேடு போடுங்கள்" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கருவியை வைத்துக்கொள்ளும் முறை எளிது:

1. தொடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முகத்தையும் கழுவ வேண்டும்.

2. புதிய கருவியை முதலில் காதுக்கு முன்னால் ஒரு சிறு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2 நாள் பொறுத்து, சிவப்போ கறுப்போ இல்லை என்றால்தான் முகம் முழுவதும்.

3. ஒரே நாளில் இரண்டு கருவி வேண்டாம்.

4. வேலை முடிந்ததும் கல்லையும் கம்பியையும் சோப்பு நீரில் கழுவ வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டால் துடைத்து உலர்த்த வேண்டும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

5. மின்சாரக் கருவியை நீரில் முக்கக் கூடாது. ஈரக் கையால் தொடக் கூடாது. சார்ஜ் ஏறும்போது முகத்தில் வைக்கக் கூடாது.

6. ஈரக் குளியலறையில் எதையும் போட்டுவைக்கக் கூடாது. மூடியுள்ள டப்பாவில் வைத்து, பெயர் எழுதிவைப்பது நல்லது.

7. கருவி பட்ட முகத்தை வெயிலில் காட்டக் கூடாது. வெளியே போனால் வெயில் தடுப்புக் களிம்பு பூச வேண்டும்.

யார் தொடக் கூடாது?

முகத்தில் புண், சீழ்ப் பரு, தேமல், அம்மை இருக்கும்போது எந்தக் கருவியும் வேண்டாம். கடையில் விற்கும் 'வெளுப்புக் களிம்பு' சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். அதை நாள்பட்டுத் தடவியவர்களின் தோல் மெலிந்துபோயிருக்கும். அதன்மேல் கருவியும் பட்டால் தாங்காது. கடும் பருவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் அவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மச்சத்தைச் சுரண்டவோ வெட்டவோ கூடாது. அளவு மாறும் மச்சம், ரத்தம் கசியும் மச்சம், 3 வாரமாக ஆறாத புண் ஆகியவற்றை டாக்டர் பார்க்க வேண்டும்.

கருவி பட்ட இடம் மறுநாளும் சுட்டு, வீங்கி, சீழ் பிடித்தால் வீட்டில் இருக்கும் களிம்பைத் தடவிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றே போய்க் காட்ட வேண்டும். கண் பக்கம் வீக்கம், காய்ச்சல், கடும் தலைவலி வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

10 நாளில் என்ன செய்யலாம்?

மறுபடியும் கல்யாண வீட்டுக்கு வருவோம்.

அம்மா சொன்னதுதான் சரி! முகூர்த்தத்துக்கு 10 நாள் இருக்கும்போது முகத்தில் எந்தப் புதுப் பரீட்சையும் கூடாது. ஏதாவது நேர்ந்தால் ஆறுவதற்குக்கூட நாள் போதாது. அக்காள் சொன்னது எல்லாவற்றையும் விட ஆபத்து.

பெண்ணின் ஆசையும் தவறு அல்ல. அந்தத் தழும்புக்கு வழி உண்டு. அந்த வழி கல்யாணம் முடிந்த பிறகு, தோல் டாக்டரிடம் இருக்கிறது.

அதுவரை? காலையும் மாலையும் மென்மையான சோப்பால் முகம் கழுவலாம். வறண்ட தோலுக்குக் களிம்பு தடவலாம். வெயிலில் அலையாமல் இருக்கலாம். காலையில் முகம் வீங்கியிருந்தால் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து 2 நிமிடம் ஒத்திக்கொள்ளலாம். இரவில் நேரத்தோடு தூங்கலாம்.

பெண் உருளையை மறுபடியும் பெட்டிக்குள் வைக்கிறாள். அம்மா அதை வாங்கி அலமாரியின் மேல் தட்டில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுகிறாள்.

முகூர்த்தப் புகைப்படத்தில் அந்தப் பழைய தழும்பு இருக்கத்தான் செய்யும். இருக்கட்டுமே! பெண் சிரித்தால் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?